கீழ்வீட்டுக் குட்டை

கீழ்வீட்டு டீச்சரம்மாவின் தோட்டத்துக் குட்டை எங்கள் மாடிப்படியில் நின்றால் முழுசாகத் தெரியும். இரண்டு கட்டில் போடுகிற அகலம். நடுவில் முழங்காலுக்கு மேல் ஆழம். ஒரு ஓரம் மட்டும் மெல்லச் சரிந்து மண்ணோடு கலந்துவிடும். அல்லி, சேம்பு, தண்ணீரின் மேல் சாய்ந்த ஒரு செம்பருத்தி. மீன் கிடையாது. தவளைகளையும் யாரும் கொண்டுவந்து விடவில்லை. சென்னையின் தென்கோடியில், ஏரிப் பாசன வயல்களை மனை போட்டு விற்ற பிறகு எழுந்த தெரு இது. பள்ளம் வெட்டி மழைநீர் நின்றதும் பக்கத்துக் காலிமனையிலிருந்தும் கால்வாயிலிருந்தும் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டன.

வருஷம் முழுக்க இருப்பவை தத்தும் தண்ணீர்த் தவளைகள். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, கால்களைப் பரப்பியபடி அல்லி இலைகளுக்கு நடுவே மிதக்கும். காலடி கேட்டால் தண்ணீரின் மேலேயே நாலைந்து தத்து தத்தி எதிர்க்கரைக்குப் போய்விடும். டீச்சரம்மா பூப்பறிக்க வரும்போது இப்போதெல்லாம் அதுவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பால்காரர் சைக்கிளை உள்ளே உருட்டினால்தான் தத்தல்.

மற்றவை மழைக்கு வருகிறவை. முதல் பெருமழை பெய்த இரவில் குட்டைக்கே வேறு முகம். வயல்தவளை அன்றுதான் வெளிப்படும். மற்ற நாளில் பாசிப்பச்சையாக இருக்கும் ஆண், உடல் முழுக்க மஞ்சளேறி, தாடையின் இரு பக்கமும் நீலப்பைகள் உப்ப, தண்ணீரில் மிதந்துகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தும். தேரைகள் கரையோரம் உட்கார்ந்து ‘கிர்ர்ர்’ என்று நீட்டி இழுக்கும். புல்லடியிலிருந்து, கட்டைவிரல் நுனியளவே உள்ள சிறுவாய்த் தவளைகள், தம் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெருங்குரலில். செம்பருத்தியில் மரத்தவளை ‘டக்... டக்டக்’ என்று விட்டுவிட்டு. அத்தனையும் ஆண்களின் குரல். பெண் இருட்டில் எங்கோ காது கொடுத்திருக்கும். இவ்வளவு இரைச்சலில் தன் இனத்தின் குரலை மட்டும் பிரித்தெடுத்து அதை நோக்கி வரும். தூக்கம் கெடுகிறது என்று எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். எனக்கோ அந்த இரவில் உள்ளே போகவே மனம் வருவதில்லை.

அப்படியொரு இரவில் டார்ச்சின் கண்ணாடிக்குச் சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு செம்பருத்திக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் மரத்தவளை, தன்னில் பாதியே இருந்த ஆணை முதுகில் சுமந்தபடி, தண்ணீருக்கு நேர் மேலே தொங்கிய இலையில் வந்து உட்கார்ந்தது. வெகுநேரம் அசைவில்லை. பிறகு பின்னங்கால்கள் இரண்டும் மாறிமாறி அசையத் தொடங்கின. உடலிலிருந்து கசிந்த திரவத்தைக் கால்களாலேயே அடித்தடித்து நுரையாக்கியது. வெள்ளைக்கருவைக் கரண்டியால் அடித்தால் எழும்புமே, அப்படித் திரண்டது நுரை. அடிப்பது, நிறுத்துவது, மறுபடி அடிப்பது. முட்டைகள் அந்த நுரைக்குள்ளேயே விழுந்தன. ஆண் அவற்றைக் கருவுறச் செய்தது. வேலை முடிந்ததும் இரண்டும் தனித்தனியே போய்விட்டன. காலையில் நுரையின் வெளிப்புறம் காய்ந்து தோல் கட்டியிருந்தது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வெயிலும் படாது, தண்ணீரில் முட்டை தேடித் திரியும் பூச்சிகளுக்கும் எட்டாது. சில நாளில் நுரை இளகி, உள்ளிருந்த தலைப்பிரட்டைகள் நெளிந்து நெளிந்து ஒவ்வொன்றாகச் சொட்டின. கீழே தண்ணீர் காத்திருந்தது. அந்தக் கிளையைக் கவாத்து செய்ய வந்த தோட்டக்காரரிடம் டீச்சரம்மா, “இந்தப் பக்கம் கை வைக்காதேப்பா” என்று மட்டும் சொன்னார்.

தேரையின் வழி வேறு. இரட்டைச் சரமாக நீண்ட கூழில் ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகளைக் கோத்துச் சேம்புத் தண்டில் சுற்றிவிட்டுப் போகும். அவை பொரிந்து கருங்கூட்டமாக ஓரத்தில் திரியும். வயல்தவளையின் தலைப்பிரட்டைகள் நடுவில் புகுந்து அவற்றையே தின்னும். தட்டானின் இளம்பருவப் புழு தின்னும். கொக்கு தின்னும். கரையேறுவது சொற்பம்.

அந்தச் சொற்பத்தில் ஒன்றைச் சரிவோரத்தில் கிட்டத்தில் பார்த்தேன். பின்னங்கால்கள் எப்போதோ முளைத்துவிட்டன. முன்கைகளில் ஒன்று வெளியே, மற்றது இன்னும் தோலுக்குள் முழங்கை மடித்து முட்டிக்கொண்டிருந்தது. வால் அறுந்து விழும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். விழுவதில்லை. உடம்பு அதை உள்ளுக்கு இழுத்துக் கரைத்துக்கொள்கிறது. பாசி சுரண்டிய சின்ன வாய் காது வரை அகல, சுருள் சுருளாக இருந்த நீண்ட குடல் பூச்சி தின்பதற்கேற்பக் குறுக, இந்த நாட்களில் அதனால் எதையும் தின்ன முடியாது. வால்தான் சாப்பாடு. செவுளும் போய்விடுவதால், ஏறிவரக் கரை கிடைக்காவிட்டால் பிறந்த தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். நேர்ச்சுவர்த் தொட்டி கட்டாமல் ஒரு ஓரத்தை டீச்சரம்மா சரித்து விட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தெருவில் எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. கொசு பயத்தில், “கம்பூசியா நாலு விட்டா நிம்மதி டீச்சரம்மா” என்பார் எதிர்வீட்டுக்காரர். 1928இல் கொசுவுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் தவளை முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்னும். இங்கே கொசுப்புழுவைத் தட்டான் புழுக்களும் நீர்ப்பூச்சிகளும் வயல்தவளைக் குஞ்சுகளும் பார்த்துக்கொள்கின்றன. டீச்சரம்மா அவரைக் கூப்பிட்டு ஒரு கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு காட்டினார். புழு இல்லை. தேரை மேல் ஒரு பழியும் உண்டு: இளநீர் சூம்பினால் தேரை மோந்தது என்பார்கள். தேரைக்கோ பல்லே கிடையாது, தென்னையேறவும் வராது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குளியலறைக்குள் வந்த மரத்தவளை மேல் உப்பை அள்ளிப் போடுவதுதான் எனக்குத் தாங்காது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். உப்பு பட்டால் அந்தத் தோலே உடம்பின் நீரை வெளியே இழுத்துக்கொடுத்துவிடும். வயலில் அடிக்கிற பூச்சிமருந்தும் அதே வழியில் உள்ளே போகும். “ஈரக்கையால எடுத்து வெளிய விடுங்க, இல்லாட்டி என்னைக் கூப்பிடுங்க” என்று தெருப் பெண்களிடம் சொல்லிவைத்திருக்கிறார் டீச்சரம்மா. இரவு ஒன்பது மணிக்குக்கூடக் கூப்பிடுகிறார்கள். ஒரு சின்னக் குவளையோடு போகிறார்.

தண்ணீர்ப்பாம்பு வருவதுண்டு. விஷமில்லாதது. பின்னங்காலைக் கவ்வியதும் தவளை எழுப்பும் குரல் மாடிவரை கேட்கும். ஓடிப்போய்க் கம்பை எடுக்கத் தோன்றும். டீச்சரம்மா எடுப்பதில்லை, திண்ணையில் உட்கார்ந்தபடி கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். பாம்பும் அந்தக் குட்டையை நம்பித்தான் இருக்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றினால் குழாய்த் தண்ணீரை நேரே விடமாட்டார். குளோரின் போகட்டும் என்று இரண்டு நாள் திறந்த டிரம்மில் வைத்திருந்து ஊற்றுவார். அந்த நாட்களில் வயல்தவளைகள் காலிமனை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். இந்தச் சித்திரையில் அந்த மனைக்காரர் சுற்றுச்சுவர் எழுப்ப ஆள் அனுப்பினார். கடைக்கால் தோண்டியபோதே டீச்சரம்மா போய் நின்றுகொண்டார். தரைமட்டத்தில் மூன்று இடத்தில் நாலங்குல பைப் வைத்துக் கட்ட வேண்டும், பைப் செலவு தன்னுடையது என்றார். “எலி வருமேம்மா” என்றார் கொத்தனார். “வரட்டும்பா, நீ வை” என்றார். மனைக்காரரிடம் போனில் பேசிவிட்டுக் கொத்தனார் வைத்தார். சுவர் இப்போது ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. பைப் வாயில் கலவை அடைத்திருக்கிறதா என்று டீச்சரம்மா தினமும் குச்சி விட்டுப் பார்க்கிறார். அந்த வழியைத் தவளைகள் கண்டுபிடிக்குமா என்பது மழைக்குத்தான் தெரியும்.