எங்க கடைக்குப் போட்டி ரேஷன் கடை!

அமிர்தின்னதும் உங்களுக்கு ஜூவும் அருவியும்தான் ஞாபகம் வரும். ஜவ்வாது மலை அடிவாரத்துல பிக்னிக் முடிச்சுட்டு, பஸ்ஸுக்கு நிக்கும்போது சோடா வாங்கிக் குடிப்பீங்களே, அந்த மாதிரி ஒரு மளிகைக் கடைதான் அப்பாவோடது. என் இன்ஜினீயரிங் ஃபீஸ் அந்தக் கல்லாவுல இருந்துதான் வருது.

2008-ல ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆச்சு. 2011 ஜூன்ல அதுவும் இலவசம். அப்போ நான் ஒண்ணாங்கிளாஸ். கடை வாசல்ல அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் ஒவ்வொண்ணா குறைஞ்சது மட்டும் ஞாபகம் இருக்கு. ‘சும்மா கிடைக்கிறதை யாருடா காசு கொடுத்து வாங்குவான்?’னு அப்பா புலம்புவார்.

ஆனா, மேட்டர் அவ்வளவு சிம்பிள் இல்லை பாஸ்! ரேஷன் அரிசியை ஊறப்போட்டா உளுந்து வேணுமே? கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம்னு எங்ககிட்டதான் வந்தாங்க. ஷூ கம்பெனிக்குப் போற அக்காக்கள் சம்பள நாள்ல சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், விருந்தாளி வந்தா மட்டும் ரெண்டு கிலோ பொன்னின்னு வாங்குவாங்க. அரிசியில மிச்சமான காசு வேற வழியா எங்க கல்லாவுக்கே வந்துச்சு.

2000-கள்ல மெக்சிகோவுல சில கிராமங்களுக்கு உணவுப் பொருளும், சில கிராமங்களுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தாங்க. பணம் கொடுத்த ஊரைவிட பொருள் கொடுத்த ஊர்ல உணவு விலை சுமார் 4 சதவீதம் குறைவு. ஒதுக்குப்புறமான ஊர்னா வித்தியாசம் இன்னும் ஜாஸ்தி. அப்பாகிட்ட சொன்னேன். ‘இதைக் கண்டுபிடிக்க மெக்சிகோ போகணுமா?’ன்னார்.

2024 மே மாசம் தமிழ்நாடு முழுக்க ரேஷன்ல துவரம்பருப்பும் பாமாயிலும் லேட். அங்கே 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ பருப்பு, வெளியே 150-ஐத் தாண்டிடுச்சு. எங்க கடையில கூட்டமோ கூட்டம்! அப்பா வேலூர் மண்டியில கடன் சொல்லி ரெண்டு மூட்டை பருப்பு இறக்கினார். மே மாசப் பொருளை ஜூன்லயும் வாங்கிக்கலாம்னு அரசு அறிவிச்சது. ஒரு மூட்டை அப்படியே நின்னுபோச்சு. மண்டிக் கடனை அடைச்ச பிறகுதான் என் செமஸ்டர் ஃபீஸ். அபராதத்தோட கட்டினேன்.

அந்த வாரம் அம்மா ரேஷன்ல இருந்து வந்தாங்க. பையில மே மாசத்துக்கு ஒண்ணு, ஜூனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிலோ பருப்பு. அப்பா கொஞ்ச நேரம் பையையே பார்த்தார்.

‘சாம்பாருக்கு இதையே போடு. கடையில இருக்கிறது விக்கிற பருப்பு’ன்னார்.