சாம்பல் நிறப் பகுதி

பிறமொழி மரபுத்தொடர் ஒன்றின் பொருளை அறிதல் வேறு. அதனைத் தன் வாழ்வுக்குரிய சொல்லாக்கிக் கொள்ளுதல் வேறு. கலைப்பீட முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி இவ்வேறுபாட்டினை ஆங்கில வகுப்பொன்றிலே உணர்ந்தாள்.

அன்று கற்பிக்கப்பட்ட தொடர் 'கிறே ஏரியா' என்பதாகும். நேர்பொருளில் அது 'சாம்பல் நிறப் பகுதி'. கறுப்பென்றோ வெள்ளையென்றோ வரையறுக்கவியலாத நிலையை ஆங்கிலேயர் இவ்வாறு குறிப்பர் என விரிவுரையாளர் விளக்கினார். தமிழில் இதற்கு நிகர் யாது என்னும் வினா எழுந்தது. 'மதில்மேற் பூனை' என்றான் ஒருவன். அது பொருந்தவில்லை, பூனை எப்பக்கம் பாயும் என்பதிலேதான் ஐயம், பக்கங்கள் இரண்டும் தெளிவானவையே. 'இரண்டுங்கெட்டான்' என்பதிலோ இகழ்ச்சி தொனிக்கின்றது. தொல்காப்பியம் கூறும் 'மயக்கம்' ஓரளவு நெருங்கியது; ஆயின் இன்றைய பேச்சு வழக்கில் அது தலைசுற்றலையே நினைவூட்டும்.

தொடரை வைத்து வாக்கியம் அமைக்குமாறு பணிக்கப்பட்டபோது, ஏனையோர் பரீட்சை விதிகளைப் பற்றியும் கிரிக்கெட் தீர்ப்புகளைப் பற்றியும் எழுதினர். அவளுக்கோ, 2009 ஆம் ஆண்டிலே போரின் இறுதி நாட்களிற் காணாமற்போன தந்தையின் நினைவே வந்தது. தாய் இன்றும் குங்குமம் இடுகின்றாள். ஆனால் திருமண வீடுகளில் முன்னே வந்து நிற்பதில்லை. படிவங்களிலே 'விவாகமானவர்', 'விதவை' என்னும் இரு கட்டங்களுக்கும் முன்னால் அவளது பேனா தயங்கும். மரணப் பதிவு தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்திற்கு 2016 ஆம் ஆண்டிலே கொண்டுவரப்பட்ட திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கே சான்றிதழ் பெற வழிசெய்தது. தாய் அதற்கும் விண்ணப்பிக்கவில்லை. "வருவார் எண்டு இருக்கிற மனுசனுக்கு நான் எப்பிடிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்பதே அவளது மறுமொழி.

'என் தாய் ஒரு கிறே ஏரியாவில் வாழ்கிறார்' என மாணவி ஆங்கிலத்தில் எழுதினாள். இத்தொடருடன் 'விழுதல்' என்னும் வினையே பெரும்பாலும் சேரும், 'வாழ்தல்' அத்துணை வழக்கிலில்லை என விரிவுரையாளர் திருத்தினார். திருத்தம் நியாயமானதே. விதிகளும் வழக்குகளும் அப்பகுதியில் விழுகின்றன. அவற்றை வெளியே நின்று ஆராயலாம். உள்ளே இருப்பவருக்கோ காலைதோறும் குங்குமச் சிமிழைத் திறப்பதா என்பதற்கு விடை வேண்டும். அவர் அன்றன்றைக்கு ஒரு பக்கத்தைத் தெரிந்தே ஆகவேண்டியுள்ளது.

மாணவி திருத்தத்தைக் குறித்துக்கொண்டாள். தான் எழுதியதை வெட்டவில்லை.