மால்குடிக்கு எத்தனை மணிக்கு வண்டி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் தமையனாரின் மகளை அழைத்துக்கொண்டு மல்லேசுவரத்துக்குப் புறப்பட்டோம். வயது பத்து. மூன்றாண்டுகளுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் அண்ணியார் மறைந்தது முதல் நம் மனைவியாரின் கையில் வளர்பவள். பள்ளியில் ஆர். கே. நாராயணின் கதை ஒன்றைப் படித்துவிட்டு வந்து, “சித்தப்பா, நீங்கள் ரயில்வேயில்தானே இருக்கிறீர்கள்? மால்குடிக்கு எத்தனை மணிக்கு வண்டி?” என்று கேட்டாள். பதினோராண்டுகளாகப் பயணச்சீட்டு கொடுத்துவரும் நமக்கு விடை தெரியவில்லை.

மால்குடி நிலப்படத்தில் இல்லாத ஊர். ஆயினும் அது பிறந்தது இந்தப் பெங்களூரில்தான். 1930 செப்டம்பரில், பாட்டியார் பார்த்துச் சொன்ன நல்ல நாளில், நாராயண் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் நாவலைத் தொடங்கினார். மல்லேசுவரம், பசவனகுடி என்னும் இரண்டு பெயர்களின் ஒட்டே மால்குடி என்று ஊரில் சொல்வதுண்டு. ஆசிரியர் சொன்னதோ வேறு: சிறிய ரயில் நிலையம் ஒன்று மனக்கண்முன் தோன்றிற்று, ஊர் அதோடு கூடவே வந்தது. ஊரோடு ஸ்டேஷனும் பிறந்ததில் நமக்குச் சற்றுப் பெருமையே.

சம்பிகே சாலையில் பூக்கடைகளைக் கடந்து காடு மல்லேசுவரர் கோயிலுக்குச் சென்றோம். இப்பேட்டையும் பசவனகுடியும் 1890-களில் வகுக்கப்பட்டவை. 1898-இல் பிளேக் நோய் பரவியபோது, பழைய நகரத்தின் நெருக்கத்துக்கு அஞ்சிய குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. அழகிய வீதிகளுக்கு அடியில் இப்படியும் ஒரு கதை.

நாராயணின் வாழ்விலும் நோய் புகுந்தது. 1939-இல் மனைவி ராஜம் டைபாய்டு சுரத்தில் இறந்தார். மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹேமா என்ற சிறு பெண் எஞ்சினாள். அச்சுரத்தை முறிக்கும் முதல் மருந்தாகிய குளோராம்பெனிகால் 1948-இல்தான் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1945-இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ வெளிவந்தது. அதில் கிருஷ்ணன் என்னும் ஆசிரியனின் மனைவி சுசீலா டைபாய்டில் இறக்கிறாள். லீலா என்ற குழந்தை எஞ்சுகிறாள். தம் நூல்களில் இதுவே தம் வாழ்வை மிகுதியும் கொண்டது, கற்பனை மிகச் சிறிதே என்று ஆசிரியரே பின்னாளில் எழுதினார். நோயையும் குழந்தையையும் அப்படியே வைத்துக்கொண்டு, தொழிலை மட்டும் மாற்றிவிட்டார். வாத்தியார் வேலையைச் சில நாளிலேயே உதறியவர் அவர். கிருஷ்ணனோ கல்லூரியை விட்டுச் சிறு குழந்தைகளின் பள்ளிக்குச் செல்கிறான்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம் அகராதியின் துணையோடு இந்நூலை இருமுறை படித்தோம். முதன்முறை, மறைந்த மனைவியின் செய்தி ஒருவர் கைவழியே எழுத்தாக வரும் பிற்பகுதியைக் கண்டு நகைத்தோம். நாராயணும் சென்னையில் அத்தகைய ஒருவரிடம் சென்றிருந்தவர் என்பதைப் பிறகே அறிந்தோம். இரண்டாம் முறை படித்தது அண்ணியார் மறைந்த பின். அப்போது நகைப்பு வரவில்லை. ஆவி பேசிற்றா என்பது நாம் தீர்க்கும் வழக்கன்று; ஒருவர் காது கொடுத்துக் காத்திருந்தார் என்பதை மட்டும் நம்பினோம்.

ஆனால் நம்மை உலுக்கியது சாவுப் பகுதியன்று. கிருஷ்ணனின் பழைய கடிகாரத்தைச் சுசீலா பழைய காகிதக்காரனிடம் கொடுத்துவிடுகிறாள், அதற்காகச் சண்டை, பேச்சு நின்றுபோகிறது. நாம் சேர்த்துவைத்திருந்த ரயில்வே கால அட்டவணைகளை அண்ணியார் ஒருமுறை எடைக்குப் போட்டுவிட்டார். தமையனார் முன்னிலையிலேயே கடிந்து பேசினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போனார். கிருஷ்ணனும் சுசீலாவும் பின்னர்ச் சமாதானமாகிவிட்டார்கள். நாம் அதைப் பற்றி அவரிடம் மீண்டும் பேசவே இல்லை.

மந்திரி ஸ்கொயர் நிலையத்தில் மெட்ரோ ஏறி நேஷனல் காலேஜில் இறங்கினோம். நடுவில் மூன்றே நிலையங்கள். காந்தி பஜாரில் வறுத்த நிலக்கடலை வாங்கி, நந்தி கோயிலின் கற்படியில் அமர்ந்தோம். சிவமொக்கா தாளகுப்பா பாதையில் அரசாளு என்றொரு சிறு நிலையம் உண்டென்றும், சங்கர் நாக் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் அதுவே மால்குடி ஸ்டேஷனாக நின்றதென்றும், அங்குள்ள பழைய கட்டடம் 2020 முதல் மால்குடி அருங்காட்சியகமாக இருக்கிறதென்றும் சொன்னோம். கோடை விடுமுறையில் கூட்டிப்போவதாக வாக்களித்தோம்.

அவள் கடலைத் தோலை ஊதிக்கொண்டே, “லீலாவின் அம்மாவை அவர் நிஜ அம்மா போலவே எழுதினாரா, சித்தப்பா?” என்றாள்.

“ஆம், அம்மா. சண்டை போட்டதைக் கூட விடாமல் எழுதியிருக்கிறார்.”

“என் அம்மா உங்களோடு சண்டை போட்டிருக்கிறாளா?”

கால அட்டவணைக் கதையை முதன்முறையாக அவளிடம் சொன்னோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீடு சேரும்வரை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.