தண்ணியா, சுருக்குப்பையா? அப்பத்தாவோடு திண்டுக்கல்லில் இரண்டு நாள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கண்ணுக்கு மலைக்கோட்டை, மூக்குக்குப் பிரியாணி வாசம். இந்த முறை நான் ஊருக்குப் போனது இரண்டுக்காகவும் இல்லை. அப்பத்தாவின் கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. ரெண்டு மாசமாகியும் போகவில்லை. காரம் பட்டால் எரிகிறது. அரசு மருத்துவமனையில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் மறுநாள்தான்.

"எல்லாம் அந்தத் தண்ணிதான் தாயி. தோல் ஷாப் தண்ணியைக் குடிச்ச உடம்பு இது" என்றார் அப்பத்தா. சொல்லும்போதே அவர் கை இடுப்பில் இருந்த சுருக்குப்பையைத் தேடியது.

காத்திருக்க ஒரு முழு நாள் இருந்தது. அந்தத் தண்ணியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

பருப்பு வேகாத கிணறு

பேகம்பூரைத் தாண்டி வத்தலக்குண்டு சாலையில் போனால் பழைய தோல் ஷாப்களின் நீண்ட மதில்கள் வருகின்றன. அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊற வேண்டும். பிறகு குரோமியம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவுநீர் வாய்க்காலிலும் நிலத்திலும் இறங்கியது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அப்பத்தாவின் தோட்டம். கிணற்றை இப்போது முள் போட்டு மூடியிருக்கிறார்கள். "கல்யாணமாகி வந்தப்ப இளநி மாதிரி இருந்துச்சு. அப்புறம் பருப்பு வேகல. துணிக்கு நுரை வரல. தென்னை குரும்பையெல்லாம் கொட்டிப்போச்சு" என்பார்.

இது அப்பத்தா வீட்டுக் கதை மட்டுமில்லை. தோல் கழிவு தொடர்பாக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே நம் ஊர் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. 'மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதும் இந்த வழக்கில்தான். பொது சுத்திகரிப்பு நிலையம் வந்தது. குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வந்தன. ஆனால், நிலத்தடியில் இறங்கிய உப்பு லேசில் போவதில்லை.

சரி, அந்தத் தண்ணீர் புற்றுநோய் தருமா? குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். தோலுக்குப் போடுவது மூன்றிணைதிறன் குரோமியம். இதற்கு ஆபத்து குறைவு. சில சூழல்களில் அது ஆறிணைதிறன் குரோமியமாக மாறலாம். அதுதான் வில்லன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது 'மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவது உறுதி' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்கான முக்கிய ஆதாரம், தொழிற்சாலைகளில் அதைச் சுவாசித்தவர்களுக்கு வந்த நுரையீரல் புற்றுநோய். குடித்தால் வருமா என்பதற்கு எலிகளிடம் செய்த சோதனைகள் எச்சரிக்கின்றன. குடிநீர் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் போகாது. எனவே, தோல் ஷாப் பக்கம் போர் போட்டிருப்பவர்கள் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுக் குடிப்பது நல்லது.

புகையிலை மண்

திரும்பி வரும்போது ஊருக்குள் ஒரு கடையில் நின்றேன். கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைப் பொட்டலங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு மட்டும் பேர்போன ஊர் இல்லை. சுருட்டுக்கும் வாய்ப்புகையிலைக்கும் பேர்போன ஊர். பக்கத்து வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இந்தத் தொழிலில் சோறு கண்ட குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீட்டிலேயே உண்டு.

அதே முதல் பிரிவுப் பட்டியலில்தான் மெல்லும் புகையிலையும் இருக்கிறது. புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரோசமைன்கள் வாயின் மெல்லிய தோலில் நேரடியாகப் படுகின்றன. 'நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்' என்பவர்களுக்கும் சேர்த்துத்தான். பாக்கும் அதே பட்டியலில் 2004-லேயே சேர்ந்துவிட்டது. இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதற்குக் காரணம் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம்.

அப்போ பிரியாணி?

மதியம் சீரகச் சம்பா பிரியாணி சாப்பிடும்போது எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. 2015-ல் முதல் பிரிவில் சேர்ந்தது சாசேஜ், பேகன் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சி. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவிகிதம் கூடுகிறது. ஆட்டுக்கறி அதற்கு அடுத்த படியில், 'தரக்கூடும்' என்ற பட்டியலில் இருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்னொன்று, ஒரே பட்டியலில் இருப்பதால் எல்லாம் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் பட்டியல் சொல்கிறது. புகையிலையும் சாசேஜும் ஒரே அளவு ஆளைக் கொல்வதில்லை.

பிரியாணியைவிட நாம் கவனிக்காதது பூஞ்சை பிடித்த கடலையும் மக்காச்சோளமும். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் குறிவைக்கும் முதல் பிரிவு நச்சு. வறுத்தாலும் முழுசாகப் போகாது. கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள்.

எந்தப் பக்கம்?

மறுநாள் ரிசல்ட் வந்தது. "பாட்டிம்மா, இப்போதைக்குப் புற்றுநோய் இல்லை. ஆனா, விட்டா அதுல போய் முடியலாம்" என்றார் டாக்டர்.

அப்பத்தா தன் கேள்வியை விடவில்லை. "இது தண்ணியாலதானேம்மா?"

"தண்ணி ஒரு நொடியில தொண்டைக்குள்ள போயிடும். பொகையிலையை எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

அப்பத்தா இடது கன்னத்தைத் தொட்டார். திட்டு இருந்ததும் அங்கேதான். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம்... இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலையை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்குப்பையில் இப்போது கிராம்பும் பஸ் காசும் மட்டும். நேற்று போனில் அப்பத்தா சொன்னார், "பதினோரு நாளாச்சு தாயி. நான் விட்டுட்டேன். அந்தக் கெணத்தை யாரு சரிபண்ணுவா? அதையும் எழுது."

எழுதிவிட்டேன் அப்பத்தா.