வாசற்படியில் ஒரு ஜீவன்



இலண்டன் தேசியக் கலைக்கூடத்திலே, பிளெமிஷ் ஓவியர் யான் வான் எய்க் 1434ஆம் ஆண்டில் ஓக் பலகையின்மீது எண்ணெய் வர்ணத்தால் தீட்டிய ஆர்னோல்பினி தம்பதியரின் சித்திரம் இருக்கின்றது. இத்தாலிய வணிகரொருவரும் அவர் மனைவியும் கைகோத்து நிற்கும் அவ்வறையில், செந்நிறக் கட்டிலும் பித்தளைச் சரவிளக்கும் சாளரத்தருகே வைத்த தோடம்பழங்களும் கண்ணைக் கவர்ந்தாலும், என் மனம் போய்த் தங்குவது அவர்களது காலடியில் நிற்கும் சிறிய சடைநாயிடமே. அதன் மயிர் இழையிழையாக எழுதப்பட்டிருக்கின்றது. ஈரம் மின்னும் அதன் கண்களோ நேரே நம்மையே நோக்குகின்றன. பின்சுவரிலுள்ள குவியாடியில் தம்பதியரின் முதுகுப்புறம் பிரதிபலித்தும், நாயின் பிரதிபிம்பம் அங்கே இல்லை. அகச்சிவப்புக் கதிர்கொண்டு ஆராய்ந்தவர்கள், தம்பதியரின் உருவங்களுக்கு அடியிலே காணப்படும் முதற்கோடுகள் இந்நாய்க்கு இல்லையென்று கண்டனர். முன்னே வகுத்த திட்டத்தில் இடம்பெறாத ஜீவனை, வர்ணம் தீட்டும்போதே ஓவியர் அறைக்குள் அழைத்திருக்கின்றார் போலும்!

இந்நாய் தாம்பத்திய விசுவாசத்தின் சின்னமென்று பனோஃப்ஸ்கி என்னும் கலையறிஞர் 1934இல் எழுதினார். இருக்கலாம், ஆயினும் வெறுஞ் சின்னத்துக்கு இத்தனை உயிர்க்களை வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அவ்வோவியர் அறைக்குள் அழைத்தாலும், ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் இல்லங்களிலே நாய்க்கு இடமில்லை. அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதிலொரு முறை மண் கலந்து, கழுவுகின்றோம். அந்த ஒழுங்கை நான் விடவில்லை. எனினும் குகைத் தோழர்களோடு வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயைத் திருமறை மறவாது கூறுகின்றது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றிலிறங்கித் தம் பாதவுறையில் நீர்மொண்டு புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை ஹதீஸில் ஓதியிருக்கின்றோம். தமிழகத்தின் எடுத்தனூரிலே, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லொன்று, கள்வரிருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றது. வீட்டுக்குள்ளே சேர்ப்பது வேறு, இரக்கங் காட்டுவது வேறு.

ஆனால் நம் ஊராகிய சாய்ந்தமருதின் கடற்கரையில், கரைவலை இழுக்குமிடத்தில் சிந்திய மீனுக்காகக் காத்துக் கிடக்கும் நாய்களைக் கல்லெறிந்து துரத்துவது சிறுவர்க்கு விளையாட்டாகிவிட்டது. வாப்பாமாரும் உம்மாமாரும் அதைத் தடுக்க வேண்டும். வெயில் கொளுத்தும் மாதங்களில் படலைக்கு வெளியே ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வையுங்கள்.