வழியில் நிறுத்தும் பயணம்

போர்த்துகலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து தென்கோடி நகரான ஃபாரோவுக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தத் தென்பகுதியைக் காரில் சுற்றிவர எங்கள் குடும்பம் பத்து நாள்களை ஒதுக்கியுள்ளது. வரும் ஏப்ரல் மாதம் அப்பா, அம்மா, தம்பி, நான் ஆகிய நால்வரும் புறப்படுகிறோம். பயணத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"ஏன் போர்த்துகல்?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அதற்கு அம்மாதான் காரணம். அவர் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 1511-ஆம் ஆண்டு போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய செய்தியைப் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவர். நாம் அன்றாடம் பேசும் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்களும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவையே. அந்த மக்கள் எந்த மண்ணிலிருந்து கப்பலேறினார்கள் என்பதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

முதலில் காலத்தை முடிவு செய்தோம். தென்போர்த்துகலில் அலென்தேஜோ என்னும் பரந்த சமவெளியும் அதற்குத் தெற்கே அல்கார்வ் என்னும் கடற்கரைப் பகுதியும் உள்ளன. கோடையில் அலென்தேஜோவின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும் நாள்கள் உண்டு. புல்வெளிகள் காய்ந்து பழுப்பாகிவிடும். வசந்த காலத்திலோ பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டியே இருக்கும். வயல்வெளியெங்கும் மஞ்சள், ஊதா, சிவப்புப் பூக்கள் மலர்ந்திருக்கும். ஏப்ரல் நடுவில் மாலை எட்டு மணியளவில்தான் சூரியன் மறையும் என்பதால் இருட்டில் கார் ஓட்டவும் தேவையில்லை. கடல்நீர் மட்டும் அப்போது குளிர்ந்திருக்கும். "கால் நனைத்தால் போதும்" என்று தம்பி ஏற்றுக்கொண்டான்.

அடுத்து, ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் வேண்டிய ஒன்றைச் சொல்லுமாறு கேட்டேன். அம்மா மெர்த்தோலா என்ற சிற்றூரைச் சொன்னார். குவாதியானா ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரின் தேவாலயம் ஒரு காலத்தில் பள்ளிவாசலாக இருந்தது. அதன் பழைய வளைவுகளை இன்றும் காணலாம். தம்பி, ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்மேற்கு மூலையான செயின்ட் வின்சென்ட் முனையைத் தேர்ந்தெடுத்தான். எல்லையைக் கடந்து ஸ்பெயினின் செவில் நகருக்கும் போகலாம் என்றான்.

அப்பா நெடுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முப்பது ஆண்டுகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். "எனக்குத் தனியாக ஓர் ஊர் வேண்டாம். இத்தனை ஆண்டுகளும் நேரத்திற்குப் போய்ச் சேர வேண்டும் என்றே ஓட்டினேன். விடியற்காலையில் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் பனி இறங்கியிருக்கும். அவ்வளவு அழகாக இருக்கும். ஒருநாள்கூட வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்ததில்லை. இந்தப் பயணத்திலாவது நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும்" என்றார்.

அவர் சொல்லி முடித்தபோது நாங்கள் மூவரும் பேசவில்லை. அந்த ஆசையே எங்கள் திட்டத்தின் அடிப்படை ஆயிற்று.

ஒரு நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று விதி வகுத்தோம். லிஸ்பனில் ஓர் இரவு, எவோராவில் இரண்டு, மெர்த்தோலாவில் ஒன்று, தவீராவில் இரண்டு, லாகோசில் இரண்டு, மேற்குக் கடற்கரையின் மில்ஃபோன்தேசில் ஒன்று. மறுநாள் லிஸ்பனுக்குத் திரும்பி விமானம் ஏறுவோம். செவில் நகரைத் தம்பியே பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். "அதைச் சேர்த்தால் அப்பா மறுபடியும் நேரம் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கும்" என்றான்.

நிறுத்துவதற்குரிய இடங்களைத் தேடியபோது பல செய்திகளை அறிந்தேன். எவோராவைச் சுற்றித் தக்கை தரும் கருவாலி மரங்கள் நிறைந்திருக்கின்றன. புட்டிகளை அடைக்கும் தக்கை, இம்மரத்தின் பட்டையிலிருந்தே கிடைக்கிறது. ஒருமுறை பட்டையை உரித்தால் மீண்டும் உரிக்க ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே எழுதி வைப்பார்கள். நட்ட மரத்தில் முதன்முதலாகப் பட்டை உரிக்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகும். அவசரப்படுவோருக்கு அந்த மரம் எதையும் தருவதில்லை!

மேற்குக் கடற்கரையில் சர்தாவ் முனை என்னும் இடம் உள்ளது. அங்கே செங்கால் நாரைகள் கடலுக்குள் நிற்கும் செங்குத்தான பாறைகளின்மேல் கூடு கட்டுகின்றன. கீழே அலைகள் மோத, மேலே அவை குஞ்சு வளர்க்கும் காலம் வசந்த காலமே. அதற்கு வடக்கே உள்ள சீனெஸ் நகரில்தான் 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த வாஸ்கோ ட காமா பிறந்தார். அதை அறிந்ததும் அம்மா அந்த ஊரின் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

காரைப் பற்றியும் நிறைய யோசித்தோம். போர்த்துகலில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. சுற்றுவட்டங்களில் நமக்கு நேரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அங்கு வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் பல கையால் கியர் மாற்றுபவை. கியரோ ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் இருக்கும். எனவே, தானியங்கிக் கியர் கொண்ட காரை முன்கூட்டியே பதிவு செய்தோம். அப்பாவும் நானும் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டோம். "இந்த வயதில் வலப்பக்கம் ஓட்ட வருமா?" என்று அம்மா கவலைப்பட்டார். நெரிசல் மிகுந்த நகரத்தில் நான் ஓட்டுவது, சமவெளியின் அமைதியான சாலையில் அப்பா ஓட்டுவது என முடிவானதும் அவர் முகம் தெளிந்தது.

உணவுக்கும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அங்குள்ள சிற்றூர்களில் உணவகங்கள் பல மதிய உணவு முடிந்ததும் மூடிவிட்டு, மாலை ஏழு மணிக்குமேல்தான் மீண்டும் திறக்கும். வழியில் நினைத்த இடத்தில் நிறுத்துபவர்கள் பசியோடு நிற்க நேரும். ஆகவே, ரொட்டி, பாலாடைக்கட்டி, அல்கார்வின் ஆரஞ்சுப் பழங்கள் ஆகியவற்றை எப்போதும் காரில் வைத்திருக்க வேண்டும் என்று அம்மா எழுதிக்கொண்டார்.

இப்போது திட்டம் ஒரே தாளில் அடங்கிவிட்டது. இரவு தங்கும் ஊர்களையும் கடக்க வேண்டிய தூரத்தையும் மட்டும் அதில் குறித்திருக்கிறேன். பகல் பொழுதுக்கான கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே உள்ளன. ஒரு பயணத்தைத் திட்டமிடுபவர், போக வேண்டிய இடங்களை அறிந்தால் மட்டும் போதாது. உடன் வருபவரின் மனத்தையும் அறிய வேண்டும். அந்தக் காலிக் கட்டங்கள் அப்பாவுக்கு உரியவை. எந்த மரத்தடியில், எந்தப் பூவெளியின் ஓரத்தில் அவர் காரை நிறுத்துவார் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.