கைவேலையே சிபாரிசு

உத்தியோகம் என்ற பேச்சு எழுந்தவுடன் நமது தோட்டப்புறத்துப் பெற்றோர் முதலில் கேட்பது, "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்பதாகும். "உனக்கு என்ன தெரியும்?" என்ற கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது, சில வீடுகளில் வருவதே இல்லை. இவ்வழக்கம் காரணமின்றி ஏற்பட்டதன்று. கங்காணியின் தயவால் ஆள் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. கிராணி உத்தியோகத்துக்கோ ஆங்கிலமும், துரையிடம் எடுத்துச் சொல்ல ஒரு மனிதரும் வேண்டியிருந்தனர். நானும் கிராணிதான். ஆகவே சிபாரிசின் பலம் இன்னதென்று எனக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

சிடாம் கிரிப் பக்கத்து வாலிபர்கள் முன்பெல்லாம் பள்ளியை விட்டதும் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1972-ம் வருஷம் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும், 1996-ல் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில் பேட்டைக்கும் போனவர் பலர். இப்போது சிலர் வலைத்தளம் அமைக்கும் தொழிலைப் பயின்று, அதிலே முதல் வேலை தேடுகின்றனர். விண்ணப்பங்களின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி என் மேஜைக்கு வருகிறவர்கள் இவர்களே. விளம்பரங்களை அவர்களோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். "புதியவர் தேவை, இரண்டு வருஷ அனுபவம் அவசியம்" என்று அச்சிட்டிருக்கிறது! கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். தெரிந்த மனிதர் இருக்கிறவன் இந்த வேலியைத் தாண்டுகிறான். பால்வெட்டியின் மகன் என் செய்வான்?

இத்தொழிலின் தன்மையைச் சற்று ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும். 1989-ம் வருஷத்தில் ஜெனீவாவின் அருகே, செர்ன் என்னும் விஞ்ஞானக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வலையின் திட்டத்தை எழுதினார். 1993-ல் அக்கூடத்தார் அதனை ஒரு காசும் வாங்காமல் உலகத்தாருக்கு விட்டுக்கொடுத்தனர். ஆதலால் இத்தொழிலின் ஆயுதங்கள் பெரும்பாலும் இலவசம். பக்கத்தின் உடலாகிய எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்., அதனை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் பயில ஒரு பழைய கணினி போதும். அஃதன்றி, எந்தப் பக்கமும் உலாவிக்கு வந்து சேர்ந்த நிரலை எவரும் திறந்து பார்க்கலாம். தொழில் ரகசியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாத தொழில்கள் உலகில் எத்தனை உண்டு?

நம்மவர்க்கு இது புதிதன்று. புதிதாகப் பால்வெட்டுப் பழகுகிறவனை நல்ல பட்டையில் கத்தி வைக்க விடமாட்டார்கள். சாய்க்கப் போகிற முதிய மரத்தைக் காட்டி, "இதில் பழகு" என்பார்கள். அவன் தேர்ந்தவனா என்று அறியச் சான்றிதழைக் கேட்கிறவரும் இல்லை. கத்தி ஆழப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அவனைக் காட்டிக்கொடுக்கும். பட்டையைப் பார்த்தால் வெட்டியவன் கை தெரியும். வலைத்தொழிலிலும் செய்த பக்கமே பட்டை. அதனைக் கிட்ஹப் முதலிய பொதுவிடங்களில் வைத்துவிட்டால், கோலாலம்பூரில் இருக்கிறவரும் பார்த்துக் கையை மதிப்பிடலாம்.

எனக்குத் தெரிந்த வாலிபன் ஒருவன். தகப்பனார் முப்பது வருஷம் பால் வெட்டியவர். மகன் கணினியில் டிப்ளோமா பெற்று, எட்டு மாதம் விண்ணப்பம் அனுப்பினான். பதில் எழுதியவர் இருவரே. அவ்விருவரில் ஒரு நிறுவனத்தார், "மூன்று மாதம் சம்பளமின்றி வேலை செய், பிறகு யோசிப்போம்" என்றனர். தகப்பனார் ஒரு பிரமுகரைப் போய்ப் பார்க்கலாம் என்றார். மகனோ சுங்கைப் பட்டாணியில் மாலை கட்டி விற்கும் ஓர் அம்மாளிடம் போனான். கல்யாண மாதங்களில் அந்த அம்மாளுக்குத் தொலைபேசியில் வரும் ஆர்டர்கள் ஒன்றோடொன்று குழம்பி, மாலைகள் தவறிப் போவதுண்டு. தேதி, மாலை வகை, முன்பணம் இவற்றைப் பதிந்து வைக்கும் ஒரு சிறு தளத்தை அவன் அமைத்துக் கொடுத்தான். முதல் வாரத்திலேயே அம்மாள், "தம்பி, என் போனில் இது திறக்கவே நேரமாகிறதே!" என்றார். பெரிய படங்களைச் சுருக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டாத அலங்காரங்களை நீக்கினான். ஏன் நீக்கினான் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்தான்.

பின்னர்ப் பினாங்கிலுள்ள ஒரு சிறு நிறுவனத்தார் அவனை நேரில் அழைத்தனர். "டிப்ளோமாவை அவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, அண்ணே. அந்த மாலைக்கடையைப் பற்றியே ஒரு மணி நேரம் கேட்டார்கள்" என்று வந்து சொன்னான். வேலை கிடைத்தது. அந்த அம்மாளின் கடைதான் அவனுடைய அனுபவம். அவனுடைய சிபாரிசும் அதுவே.

தமிழர் இத்துறையில் முன்னேறியதும் இவ்வாறே. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். நமது நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சல் மூலம் கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். தமிழ்நாட்டில் ஜோஹோ நிறுவனம், பள்ளிப்படிப்பு மட்டும் முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு அமர்த்துகிறது. சென்னையில் மட்டுமன்றித் தென்காசியிலும் அது நடக்கிறது. பட்டமில்லாத கையும் பழகினால் தேறும் என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

ஆயினும் கிராணி என்ற முறையில் ஓர் எச்சரிக்கை கூறாதிருக்க முடியாது. முதல் வேலை என்ற மயக்கத்தில் கூலியை மறக்கலாகாது. 2025-ம் வருஷத்தில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. ஐயாயிரம் வரை சம்பளம் பெறுகிறவருக்கு முதலாளியின் இ.பி.எஃப். பங்கு நூற்றுக்கு 13. சொக்சோவும் உண்டு. இவற்றைத் தவிர்க்கவே, தினமும் வரவேண்டிய ஆளைச் "சுதந்திரத் தொழிலாளி" என்று பெயரிட்டு எழுதிக்கொள்வோர் இருக்கின்றனர். கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே கையெழுத்திடுக.

2022-ம் வருஷ முடிவில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், "இனி இயந்திரமே நிரல் எழுதிவிடும், புதியவனுக்கு இடமேது?" என்கின்றனர் சிலர். பயம் முழுதும் பொய்யன்று. சில்லறை வேலைகள் குறையத்தான் செய்யும். ஆனால் மாலைக்கடை அம்மாளின் போனில் தளம் ஏன் திறக்கவில்லை என்று அருகில் உட்கார்ந்து கேட்டறிகிறவன் மனிதனே. இயந்திரம் எழுதியது தவறினால் பொறுப்பேற்று நிற்கவேண்டியவனும் அவனே. அந்தப் பொறுப்புக்குத் தன்னைத் தகுதியாக்கிக் கொள்கிறவனுக்கு இடம் உண்டு.

பெற்றோர்களே! பிரமுகர் வீட்டுக்கு நடக்கும் நடையைக் குறைத்து, பிள்ளை ஆறு மாதம் வீட்டிலிருந்து பழகப் பொறுமை காட்டுங்கள். "சும்மா கணினி முன் உட்கார்ந்திருக்கிறான்" என்ற ஏச்சைச் சற்று நிறுத்துங்கள். நகரத்துக் கடைக்காரர்களே, சங்கத்தார்களே! உங்களுக்கு வேண்டிய ஒரு சிறு தளத்தை நமது வாலிபன் ஒருவனிடம் நியாயமான கூலிக்குக் கொடுங்கள். அவன் எந்தக் கதவையும் தட்டி, யார் பெயரையும் சொல்லாமல், தன் வேலையையே எடுத்துக் காட்டுவதற்கு அது போதும்.